வலை ஈயம் வார்ப்பது: பேட்டரியை உடைக்கலாமா?

கேள்வி: பழவேற்காடு ஏரியில் வீச்சு வலை போடுகிறேன். வலை ஓரத்து ஈயம் தேய்ந்தும் கழன்றும் பாதி போய்விட்டது. புதிதாகக் கட்ட 5 கிலோ வேண்டும். மைத்துனரின் பஞ்சர் கடையில் ஒரு சாக்கு நிறைய பழைய வீல் பேலன்சிங் ஈயம் கிடக்கிறது. வீட்டில் ஓடாத இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு இருந்தன. போன மாதம் ஒன்றை உடைத்துக் கொல்லைப்புறத்தில் அலுமினியக் குண்டானில் உருக்கிப் பார்த்தேன். சாம்பல்தான் குவிந்தது, ஈயம் கொஞ்சமாகத்தான் தேறியது. ஈர மணலில் குழி பண்ணி ஊற்றியபோது தெறித்துக் கை சுட்டுக்கொண்டேன். மனைவிக்கு நான்கு மாதம். மகனுக்கு மூன்று வயது. அம்மாவோ, "ஈயச்சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்ட குடும்பம், ஈயம் என்ன செய்துவிடும்?" என்கிறார். சரியான முறை எது?

பதில்: மீதி இருக்கும் அந்த இன்னொரு பேட்டரியை உடைக்காதீர்கள். வார்ப்பு முறையைப் பிறகு சொல்கிறேன். போன மாதம் நடந்ததைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பேட்டரித் தட்டில் உலோக ஈயமாக இருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சட்டம்தான். அதன்மேல் அப்பியிருக்கும் பசை ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும் கலந்தது. அது அடுப்புச் சூட்டில் உலோகமாக மாறாது. தொழிற்சாலைகளில் கரியும் சோடாவும் சேர்த்து ஆயிரம் டிகிரி அளவிலான உலையில் வைத்துத்தான் அதை ஈயமாக்குகிறார்கள். உங்களுக்குச் சாம்பல் நிறையவும் ஈயம் குறைவாகவும் கிடைத்ததற்கு இதுதான் காரணம். நீங்கள் சாம்பல் என்று நினைத்தது உண்மையில் ஈயம்தான், அதுவும் மாவுபோல் பொடிந்து கைக்கும் வாய்க்கும் எளிதில் போகும் வடிவத்தில். இது போதாதென்று, பேட்டரிச் சட்டத்தில் ஆன்டிமனி, ஆர்சனிக், கால்சியம் போன்றவை இருக்கும். ஆசிட்டோ ஈரமோ பட்டால் அவற்றிலிருந்து ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய வாயுக்கள் எழக்கூடும். ஒரு குண்டானையும் விறகடுப்பையும் வைத்துக்கொண்டு செய்கிற வேலையே இல்லை இது.

செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கருக்கு அருகே தியாரோய் சுர் மேர் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகளாகப் பழைய கார் பேட்டரிகளை உடைத்து, அந்த ஈயத்தில் மீன் வலைக்குக் குண்டு வார்த்துவந்தார்கள். மணலெல்லாம் ஈயம் ஊறிப்போனது. பிறகு ஈய விலை ஏறியபோது, மண்ணைச் சலித்து ஈயத் துகளை எடுத்து விற்கும் வேலை வீடுகளுக்குள்ளேயே நடந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தன. அவர்கள் செய்ததும் நீங்கள் செய்ததும் ஒரே வேலை, அளவுதான் வேறு. அதனால்தான் இதை மென்று விழுங்காமல் சொல்கிறேன்.

ஆகவே இந்த வாரமே மூன்று பேரும் ரத்தத்தில் ஈய அளவு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விரல் நுனியில் குத்தி எடுப்பதைவிட, நரம்பில் எடுக்கும் ரத்தமே நல்லது. விரலில் ஒட்டியிருக்கும் தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தே இல்லை என்று பொருளில்லை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ரத்தத்தில் ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஆனால் அதில் ஒரு பகுதி உடம்பைவிட்டுப் போகாமல் எலும்பில் போய்த் தங்கிவிடும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது அந்த ஈயமும் கூடவே இறங்கி, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். வயிற்றுக்குள் போன ஈயத்தில் சிறு குழந்தைகள் உடம்பில் ஏற்றிக்கொள்ளும் பங்கு, பெரியவர்களைப்போல் நான்கைந்து மடங்கு. பேறுகாலப் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அதனால் அவர் தரும் மாத்திரைகளை உங்கள் மனைவி விடாமல் சாப்பிடட்டும்.

கொல்லைப்புறத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பெருக்கினால் தூசி கிளம்பும். சாம்பல் விழுந்த இடத்தில் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கி, மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்கு வெட்டியெடுத்து, மூடி உள்ள பெயின்ட் டப்பாக்களில் அடையுங்கள். இதை நீங்கள் ஒருவர் மட்டும் கையுறை, முகக்கவசத்தோடு செய்ய வேண்டும். மனைவியும் மகனும் அன்று அந்தப் பக்கம் வரக்கூடாது. பிறகு நல்ல மண் கொட்டி மூடி, முடிந்தால் மேலே சிமென்ட் பூசிவிடுங்கள். டப்பாக்களைக் குப்பையிலோ ஏரியிலோ போடாமல், எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். உருக்கிய குண்டான் மறுபடி சமையலுக்கு ஆகாது. அன்று உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள்.

இனி அம்மாவின் கேள்வி. அவர் சொல்வதில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது, தவறு அவருடையதல்ல. தமிழில் ஈயம் என்ற ஒரு சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகும், நஞ்சல்ல. வலையில் கட்டுவதும் பேட்டரியில் இருப்பதும் காரீயம். அது 327 டிகிரியில் உருகும், நஞ்சு. பாட்டி காலத்து நல்ல சொம்பில் ரசம் சாப்பிட்டதால் யாருக்கும் காரீயம் பழகிப்போய்விடாது. விலை குறைத்து விற்கப்படும் சொம்புகளில் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலக்கும் ஏமாற்றும் உண்டு, புளி அதைக் கரைத்துவிடும். புதிதாக வாங்கிய சொம்பு வீட்டில் இருந்தால் அதையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வார்ப்புக்கு வருவோம். வீல் பேலன்சிங் ஈயம் ஏற்கெனவே உலோகமாக இருப்பதால் பேட்டரி அளவு மோசமில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் இப்போது வேண்டவே வேண்டாம். பஞ்சர் கடைக்குப் பின்னால், மேலே கூரை இருந்து நாலு பக்கமும் காற்றோடும் இடத்தில் செய்யுங்கள். குழந்தைகள் வராத இடமாக இருக்க வேண்டும்.

சாக்கில் இருப்பதெல்லாம் ஈயம் அல்ல. இரும்பிலும் துத்தநாகத்திலும் செய்த எடைகள் பல ஆண்டுகளாகக் கலந்து வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் புதிய கார்களில் ஈய எடையை விலக்கிவிட்டது. எனவே பிரித்தெடுப்பதில் அரை நாள் செலவழித்தாலும் வீணில்லை. முதலில் காந்தம்: இரும்பு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஈய எடையிலும் இரும்புக் கொக்கி இருக்கும், கொக்கியை விட்டுவிட்டு உடம்பில் வைத்துப் பாருங்கள். அடுத்து கட்டிங் பிளையர்: ஈயத்தில் கத்திபோல் இறங்கும், துத்தநாகத்தில் வழுக்கும். சிமென்ட் தரையில் போட்டால் ஈயம் மொத்தென்று விழும், துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். சந்தேகம் தீராவிட்டால் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு பாத்ரூம் ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள். துத்தநாகம் நுரைத்துப் பொங்கும், ஈயம் சும்மா இருக்கும். ஆசிட் பட்ட துண்டு எதுவும் உருக்கும் சட்டிக்குப் போகக்கூடாது.

துத்தநாகத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், இரண்டு மூன்று எடைகள் கலந்தாலே உருகிய ஈயம் கஞ்சிபோல் கட்டிப்பட்டு அச்சில் ஓடாது. கலந்த பிறகு வீட்டளவில் அதைப் பிரிக்க நம்பகமான வழியில்லை. நல்லவேளையாக, துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும், ஈயத்தைவிட இலேசானதும்கூட. சூட்டை 380 டிகிரியைத் தாண்ட விடாமல் வைத்திருந்தால், கண் தப்பிப்போன துத்தநாக எடை உருகாமல் மேலே மிதக்கும். கொக்கிகளோடு சேர்த்து அள்ளி எறிந்துவிடலாம்.

இன்னொரு விஷயம் வலைக்காரருக்கு முக்கியம். கொக்கி போட்டு அடிக்கும் எடைகளில் 3 சதவீதம் அளவுக்கு ஆன்டிமனி கலந்திருக்கும். அந்த ஈயம் கெட்டியானது. துளையுள்ள மணியாக வார்த்துக் கயிற்றில் கோக்க அது நல்லது, பாறையில் பட்டாலும் சீக்கிரம் நசுங்காது. கயிற்றைச் சுற்றி மடித்து நசுக்கும் தகட்டுக்கு அது ஆகாது, மடிப்பில் வெடித்துவிடும். அலாய் வீலில் ஒட்டும் பட்டை வடிவ எடைகளில் ஈயமானவை மிருதுவானவை, மடிக்க ஏற்றவை. இரண்டையும் தனித்தனியாக உருக்குங்கள். பஞ்சர் கடைச் சாக்கில் ரப்பர் வால்வு, டியூப் துண்டு, ஒட்டும் டேப் எல்லாம் இருக்கும், அவற்றையும் முன்பே பொறுக்கிவிடுங்கள்.

சட்டி வார்ப்பிரும்பாகவோ கனமான இரும்பாகவோ இருக்கட்டும். அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும் என்றாலும் அதற்கு வெகு முன்பே வலுவிழந்துவிடும். ஈயத்தின் கனத்தில் அடி பிய்ந்துகொண்டால் அத்தனையும் காலில்தான். துத்தநாகம் பூசிய வாளியும் ஆகாது. ஈயம் தண்ணீரைப்போல் 11 மடங்கு கனம் என்பதைக் கை மறந்துவிடும். உங்களுக்கு வேண்டிய 5 கிலோ அரை லிட்டருக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். ஒரு லிட்டர் சட்டியை நிறைத்தால் 10 கிலோவுக்கு மேல் போகும், அதைப் பிடியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. சட்டியை அடுப்பைவிட்டு எடுக்காமல், இரும்புக் கரண்டியால் மொண்டு ஊற்றுவதே முறை. கொக்கிக்கும் கழிவுக்கும் சேர்த்து, 5 கிலோ மணி வேண்டுமானால் 6 கிலோ எடையைப் போடுங்கள்.

சூடு அதிகம் வேண்டியதில்லை. 5 கிலோ ஈயத்தை உருக்கி வார்க்கும் பதத்துக்குக் கொண்டுவர, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதைவிடச் சற்றே கூடுதல் வெப்பம் போதும். அதனால் கேஸ் அடுப்பை முழுத் தீயில் வைத்தால் ஈயம் சட்டென்று எல்லை தாண்டிவிடும். அதிகச் சூட்டையும் அளக்கும் கே வகைக் கம்பி உள்ள வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 350 முதல் 380 டிகிரி போதும். வெப்பமானி கைக்கு வரும்வரை பழைய பிளம்பர்களின் வழி: நன்கு காய்ந்த செய்தித்தாள் துண்டை நுழைத்தால் பழுப்பேறிக் கருக வேண்டும், குப்பென்று தீப்பிடித்தால் சூடு மிகை. மேற்பரப்பில் பொன்னிறமும் நீலமும் ஓடினாலும் தீயைக் குறையுங்கள்.

உருகியதும் கொக்கிகளை ஜல்லிக்கரண்டியால் அள்ளுங்கள். பிறகு நெல்லிக்காயளவு மெழுகுவத்தித் துண்டைப் போட்டு, புகையும்போது அதைக் கொளுத்திவிட்டு, அடிவரை கிளறுங்கள். மெழுகு எரியும்போது மேலே படிந்த ஆக்சைடில் ஒரு பங்கு மறுபடி ஈயமாகும், அழுக்கு தனியே மேலே வரும். காய்ந்த மரத்தூளும் இதே வேலையைச் செய்யும். கடைசியில் மிஞ்சும் சாம்பல்நிறப் பொடியை மெதுவாக வழித்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். மொத்த வேலையிலும் அதிக நஞ்சு அந்தப் பொடியில்தான் இருக்கிறது. இந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. அதனால்தான் புகையைவிடத் தூசிக்கும் கைக்கும் பயப்படச் சொல்கிறேன். துணி முகக்கவசம் இதற்கு உதவாது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும்.

உங்கள் கை சுட்டதற்குக் காரணம் ஈர மணல். சொட்டுத் தண்ணீர் ஆவியானால் 1,700 மடங்கு விரியும். அது ஈயத்துக்கு மேலே விழுந்தால் சீறிவிட்டுப் போகும், ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால்தான் மொத்தச் சட்டியையும் வாரி இறைக்கும். அச்சு, கரண்டி, கூடுதலாகப் போடும் ஈயத் துண்டு எதுவானாலும் சட்டியின் ஓரத்தில் வைத்துச் சுடச்சுடக் காய்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். பழவேற்காட்டுக் காற்றில் வெயில் நாளிலும் ஈரம் உண்டு. நெற்றி வியர்வையும் தண்ணீர்தான். தலையில் துண்டு, முகம் மறைக்கும் கவசம், தோல் கையுறை, பருத்தி முழுக்கால் சட்டை வேண்டும். கால்சட்டை ஷூவுக்கு வெளியே தொங்கட்டும், உள்ளே செருகினால் தெறித்தது ஷூவுக்குள் இறங்கும். நைலான் சட்டை வேண்டாம். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், ஒட்டிய ஈயத்தைப் பிய்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மணல் அச்சை விட்டுவிட்டு, இரண்டு பாதியாகத் திறக்கும் அலுமினிய அல்லது இரும்பு அச்சை லேத் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். அச்சில் அலுமினியம் பரவாயில்லை, கனத்தைத் தாங்க வேண்டியதில்லை. துளைக்கு 4 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி. அச்சின் உட்புறத்திலும் கம்பியிலும் மெழுகுவத்திக் கரி பிடிக்கவைத்தால் ஈயம் சுலபமாகக் கழலும், கம்பியை மணி சூடாக இருக்கும்போதே உருவிவிட வேண்டும். இரண்டரை மீட்டர் நீள வலையின் சுற்றளவு 15.7 மீட்டர். 5 கிலோவை 20 கிராம் மணிகளாக வார்த்தால் 250 மணி, ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளியில் ஒன்று வரும். மடிக்கும் தகடானால் 3 மில்லிமீட்டர் தடிப்பு, 2 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் நீளம், அதுவும் 20 கிராம்தான்.

முதல் ஐந்தாறு மணிகள் சுருக்கம் விழுந்தும் முனை நிரம்பாமலும் வரும். அச்சு இன்னும் போதிய அளவு சூடேறவில்லை என்று பொருள், அவற்றைச் சட்டியிலேயே போட்டு மறுபடி ஊற்றுங்கள். மணி பனி படர்ந்ததுபோல் மங்கலாக வந்தால் அச்சு மிகவும் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறவிடுங்கள். மங்கலான மணியும் வலைக்கு ஆகும். உள்ளே ஓட்டை விழுந்தால் காற்று வெளியேற வழியில்லை. அச்சின் இணைப்பு முகத்தில் கத்தி முனையால் மெல்லிய கீறல் போட்டால் போதும். ஓரத்தில் தகடுபோல் பிதுங்கினால் அச்சு இறுக மூடவில்லை. பிதுங்கியதைக் கத்தியால் சீவுங்கள். அரம், உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் வேண்டாம், அவை தூசியைக் கிளப்பும்.

வேலை முடியும்வரை பீடி, வெற்றிலை, டீ எதுவும் வாய்க்குப் போகக்கூடாது. முடிந்ததும் அங்கேயே சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவி, உடை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். வலையில் கட்டிய பிறகும் இந்தப் பழக்கம் தொடரட்டும். பல வலைக்காரர்கள் வீசும்போது ஈய ஓரத்தைப் பல்லில் கவ்வுகிறார்கள். 250 மணியைக் கவனமாக வார்த்துவிட்டு அதில் ஒன்றை நாள்தோறும் வாயில் வைப்பதில் அர்த்தமில்லை. தோளில் போட்டு வீசும் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால், நியாயம்தான். இரும்புச் சங்கிலியை ஓரத்தில் கட்டும் வீச்சு வலைகளும் புழக்கத்தில் உண்டு. இரும்பு இலேசு, வலை தாழாது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உப்புத் தண்ணீருக்குள் 1 கிலோ ஈயம் ஏறத்தாழ 910 கிராமாக இழுக்கும், 1 கிலோ இரும்பு 870 கிராமாக இழுக்கும். உங்கள் 5 கிலோ ஈயத்துக்கு ஈடு 5 கிலோ 230 கிராம் இரும்பு, கால் கிலோகூடக் கூடவில்லை. கருங்கல்தான் 7 கிலோவுக்கு மேல் போகும். துத்தநாகம் பூசிய மெல்லிய சங்கிலியாக வாங்கி, ஏரியிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் துரு தாமதப்படும். அறுந்து ஏரியில் விழுந்தாலும் பறவைக்குக் கெடுதல் இல்லை. தண்ணீரில் கிடந்த சின்ன ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால்தான், இங்கிலாந்தில் 1987 முதல் 28 கிராமுக்கு உட்பட்ட பெரும்பாலான தூண்டில் ஈயங்களைத் தடை செய்தார்கள். பழவேற்காட்டிலும் கூழைக்கடாவும் பூநாரையும் மேய்கின்றன.

உங்கள் வீட்டில் குழந்தை பிறந்து தவழ்ந்து நடக்கும்வரையாவது சங்கிலியையே நான் பரிந்துரைப்பேன். மிச்சமுள்ள பேட்டரியை உடைக்காமல், ஆசிட்டைக் கொட்டாமல், அப்படியே பேட்டரிக் கடைக்குக் கொண்டுபோங்கள். 2022 ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. கடைகளிலும் எடை போட்டுப் பணம் தருகிறார்கள். சங்கிலிச் செலவில் ஒரு பகுதி அதிலேயே வந்துவிடும்.